மீன் தொட்டித் தண்ணீர் ஏன் கலங்குகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் வண்ண மீன் வாங்க எங்கே போகலாம் என்று யாரைக் கேட்டாலும் கொளத்தூர் என்றுதான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் 2 அடித் தொட்டி, ஒரு பை கல், ஒரு ஃபில்டர், 10 மீன் என்று எல்லாவற்றையும் ஒரே நடையில் வாங்கி வந்து, சாயங்காலத்துக்குள் தண்ணீர் நிரப்பி விளக்கும் போட்டுவிடுகிறோம். புதன்கிழமை பார்த்தால் தண்ணீர் அரிசி கழுவிய நீர் மாதிரி இருக்கிறது. தெரிந்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைப் பற்றித்தான். பார்க்க நன்றாக இல்லை என்பதோடு போனால் விட்டுவிடலாம். ஆனால் கலங்கலைப் பார்த்துப் பயந்துபோய் நாம் செய்கிற வேலைகளால்தான் நிறைய மீன்கள் சாகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இது நன்னீர்த் தொட்டிக்கு மட்டும்.

என் தொட்டியில் இருப்பது எந்தக் கலங்கல் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை எடுங்கள். பின்னால் வெள்ளைத் தாளை வைத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தொட்டிக்கு உள்ளேயே பார்த்தால் பின்பக்கம் ஒட்டிய நீலப் படமும் விளக்கின் நிறமும் சேர்ந்து கண்ணை ஏமாற்றும், அதனால்தான் டம்ளர். பச்சையாகத் தெரிந்தால் பாசி. டீ நிறம் என்றால் மரக்கட்டையோ இலையோ காரணம். வெள்ளையாக, சாம்பலாக இருந்தால் டம்ளரை ஆட்டாமல் ஓரமாக வைத்துவிட்டு மறுநாள் காலையில் பாருங்கள். அடியில் மெல்லிசாக ஏதாவது படிந்து மேலே தெளிந்திருந்தால் கல் தூசி, ராத்திரி முழுக்க வைத்தும் அப்படியே மங்கலாக இருந்தால் பெரும்பாலும் பாக்டீரியா. டம்ளரில் எடுத்த சில நிமிடத்திலேயே தெளிந்துவிட்டால் அது வெறும் காற்றுக் குமிழி, புதுத் தண்ணீர் ஊற்றியதும் வரும், தானாகப் போய்விடும்.

புதுத் தொட்டி. மூன்றாம் நாளே பால் மாதிரி ஆகிவிட்டது. ஏன்?

பாக்டீரியா பெருகுகிறது. மீன் கழிவு, மிஞ்சிய தீனி, செடியின் அழுகிய இலை என்று தண்ணீரில் கரைந்திருக்கும் சத்தைத் தின்று வளரும் பாக்டீரியா சாதகமான சூழலில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இரட்டிப்பாகிவிடும். புதுத் தொட்டியில் சாப்பாடு இருக்கிறது, போட்டிக்கு வேறு உயிர் இல்லை, அதனால் கோடிக்கணக்கில் பெருகித் தண்ணீரிலேயே மிதக்கின்றன. நம் கண்ணுக்கு அது பால் மாதிரி தெரிகிறது.

நமக்கு வேண்டியது வேறு வகை பாக்டீரியா. மீன் வெளியிடும் அமோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், நைட்ரேட் அளவோடு இருந்தால் பெரிய கெடுதல் இல்லை. இந்த நல்ல பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதைவிட ஃபில்டரில் இருக்கும் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு வாழத்தான் விரும்பும், பெருகுவதும் மெதுவாகத்தான், ஒரு முறை இரட்டிப்பாக அரை நாளுக்கு மேல், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். ஒரு தொட்டி முழுதாகப் பழக, அதாவது இந்த நல்ல பாக்டீரியா போதிய அளவு பெருக, 4 முதல் 6 வாரம் ஆகும் என்று சொல்வது இதனால்தான்.

பயந்துபோய் முழுத் தண்ணீரையும் கொட்டி மாற்றினேன். இரண்டே நாளில் மறுபடி கலங்கிவிட்டதே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். முழுத் தண்ணீரையும் கொட்டி, கல்லை அலசி, ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து, கண்ணாடியைத் தேய்த்து வைத்தால் தொட்டி பளபளவென்று இருக்கும். ஆனால் ஒட்டி வளர ஆரம்பித்திருந்த நல்ல பாக்டீரியாவில் பெரும்பகுதி சாக்கடையில் போய்விட்டது, மிச்சத்தைக் குழாய்த் தண்ணீரில் இருந்த குளோரின் கொன்றுவிட்டது. மறுபடி முதல் நாள். மறுபடி கலங்கும், மறுபடி மாற்றுவோம், இப்படியே போகும்.

என் முதல் தொட்டியில் நான் செய்தது இதுதான். 8 மோலி மீன், இரண்டு வாரத்தில் மூன்று தடவை முழுக் கழுவல். ஒவ்வொரு தடவையும் மீனை வலையில் பிடித்து வாளியில் போட்டு, திரும்பத் தொட்டியில் விட்டு. ஐந்து மீன் இறந்துபோயின. ஏதோ நோய் என்று நினைத்து மருந்தும் வாங்கி ஊற்றினேன். அந்த மீன்களுக்கு எந்த நோயும் இல்லை. தொட்டியை அப்படியே விட்டு, தீனியைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றியிருந்தால் பிழைத்திருக்கும் என்று இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

அப்படியென்றால் சும்மா பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமா? மீன் செத்துவிடாதா?

சும்மா இல்லை. வெள்ளைக் கலங்கல் பெரும்பாலும் ஒரு வாரத்தில், அதிகம் போனால் இரண்டு வாரத்தில் தானாகத் தெளியும். கலங்கல் நேரடியாக மீனைக் கொல்வதில்லை, கூடவே வரும் இரண்டு பிரச்சினைகள்தான் கொல்லும்.

முதலாவது ஆக்சிஜன். அத்தனை கோடி பாக்டீரியாவும் சுவாசிக்கிறது. நம் ஊர் வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், சூடு ஏற ஏறத் தண்ணீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜன் குறையும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அதற்கு மூச்சு முட்டுகிறது, பசி என்று தீனி போட்டுவிடாதீர்கள். உடனே ஏர் பம்ப்பைப் போடுங்கள்.

இரண்டாவது அமோனியா. இது தண்ணீரில் விஷம் குறைந்த வடிவம், விஷமான வடிவம் என்று இரண்டாக இருக்கிறது. தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். என்ற எண் 7-இல் இருந்து 8-க்கு ஏறினால் விஷப் பங்கு ஏறத்தாழ 10 மடங்காகிவிடும். போர் தண்ணீர் பல இடங்களில் 8-ஐ ஒட்டி இருக்கும், ஆகவே ஒரே அளவு அமோனியா ஒரு வீட்டில் மீனை விட்டுவைக்கும், அடுத்த தெருவில் கொன்றுவிடும். சொட்டு மருந்து மாதிரி வரும் அமோனியா, நைட்ரைட் டெஸ்ட் கிட் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். ஏறினால் கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள், தேவைப்பட்டால் தினமும். ஸ்பாஞ்சைத் தொடவே வேண்டாம், கல்லையும் கிளற வேண்டாம்.

சீக்கிரம் பழக வேண்டுமென்றால் நல்ல வழி ஒன்று உண்டு. மாதக்கணக்கில் ஆரோக்கியமாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு அழுக்கு ஸ்பாஞ்சோ, ஒரு கைப்பிடிக் கல்லோ கேட்டு, காயவிடாமல் ஈரத்தோடு கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் போடுங்கள்.

ஒரு வருடமாகக் கண்ணாடி மாதிரி இருந்த தொட்டி. திடீரென்று கலங்கிவிட்டது.

பழைய தொட்டி காரணமில்லாமல் கலங்காது. முதலில் மீன்களை எண்ணுங்கள். கட்டைக்குப் பின்னால், ஃபில்டருக்கு அடியில் செத்துக் கிடக்கும் ஒரு மீன், ஒரு பெரிய நத்தை போதும். எல்லாம் சரியாக இருந்தால் கடந்த ஒரு வாரத்தில் என்ன மாறியது என்று யோசியுங்கள். ஊரிலிருந்து வந்த குழந்தைகள் ஆசையாகத் தீனி போட்டார்களா, நீங்கள் வெளியூர் போனபோது பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொன்னீர்களா (நல்ல மனதோடு டப்பாவில் பாதியைக் கொட்டியிருப்பார்கள்), புதிதாக ஐந்தாறு மீன் சேர்த்தீர்களா, ஃபில்டரைக் குழாயில் கழுவினீர்களா, மருந்து ஏதாவது ஊற்றினீர்களா. பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

தீனி எவ்வளவுதான் போடுவது?

இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. ஒரு நாளைக்கு ஒரு வேளை, அதிகபட்சம் இரண்டு வேளை. பெரிய மீனை வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டால் ஒன்றும் ஆகாது, ஆரோக்கியமான பெரிய மீன் ஒரு வாரம்கூடத் தாங்கும். நாம் கிட்டே போனதும் மீன் ஓடி வருவது பழக்கத்தால், பசியால் இல்லை. கலங்கல் இருக்கும் நாட்களில் இதிலும் பாதி போதும்.

ராத்திரி ஃபில்டரை அணைத்து வைக்கலாமா? சத்தமாக இருக்கிறது, கரண்ட் பில்லும் வருமே.

அணைக்கவே கூடாது. நல்ல பாக்டீரியா உயிரோடு இருக்க ஆக்சிஜன் உள்ள தண்ணீர் அதன் மேல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தினமும் 8 மணி நேரம் நிறுத்தினால் அது நலிந்துகொண்டே வரும், தொட்டி என்றைக்கும் முழுதாகப் பழகாது. "ஃபில்டர் போட்டிருக்கேன், ஆனாலும் கலங்குது" என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, ராத்திரியும் ஓடுகிறதா என்றுதான். கரண்ட் கணக்கு ரொம்பச் சின்னது: ஃபில்டரை ஓட்டும் 5 வாட் ஏர் பம்ப் மாதம் முழுக்க 24 மணி நேரம் ஓடினால் 3.6 யூனிட். சத்தம்தான் பிரச்சினை என்றால் பம்ப்புக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வையுங்கள், பாதி குறையும். தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே பம்ப்பை வைத்தால் கரண்ட் போகும்போது டியூப் வழியாகத் தண்ணீர் பின்னால் வராது.

மின்வாரியம் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தி மாலை வரை கரண்ட் வராத நாள் இருக்கிறது இல்லையா, அன்றைக்குத் தீனி போடாதீர்கள். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் கடைகளில் கிடைக்கிறது. மூடிய டப்பா மாதிரி இருக்கும் ஃபில்டர் பல மணி நேரம் நின்றுபோயிருந்தால், மறுபடி போடும் முன் உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அது அழுகியிருக்கும்.

தண்ணீர் பச்சையாகிவிட்டது. கண்ணாடியைத் தேய்த்தாலும் போகவில்லை.

அது கண்ணாடியில் ஒட்டும் பாசி இல்லை, தண்ணீரிலேயே மிதக்கும் ஒரு செல் பாசி. ஸ்பாஞ்சின் துளை வழியாகவே போய்விடும், எனவே ஃபில்டரால் பிடிக்க முடியாது. காரணம் வெளிச்சமும் சத்தும் சேர்ந்து அதிகமானது. ஜன்னலோரத் தொட்டிக்குக் காலை வெயில் ஒரு மணி நேரம் பட்டாலே போதும், பால்கனியில் வைத்த தொட்டி என்றால் சொல்லவே வேண்டாம்.

தொட்டியை இடம் மாற்றுங்கள், முடியாவிட்டால் வெயில் படும் பக்கத்தில் கறுப்புத் தாளை ஒட்டுங்கள். விளக்கு 6 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அப்புறம் ஒரு கால் பங்குத் தண்ணீர் மாற்றிவிட்டு, தொட்டியைக் கனத்த போர்வையால் நான்கு பக்கமும் மூடி 3, 4 நாள் இருட்டில் வையுங்கள். ஏர் பம்ப் ஓடியே ஆக வேண்டும், செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜனைத் தின்னும். முடிந்ததும் இன்னொரு கால் பங்கு மாற்றுங்கள். யு.வி. விளக்கு வைத்த ஃபில்டர் இதற்கு அருமையாக வேலை செய்யும், ஆனால் வெயிலும் தீனியும் அப்படியே இருந்தால் அதைக் கழற்றியதும் பச்சை திரும்பி வரும்.

ஒன்று சொல்ல வேண்டும், பச்சைத் தண்ணீர் மீனுக்கு எதிரி இல்லை. குஞ்சு பொரிக்க வைக்கிறவர்கள் வேண்டுமென்றே தொட்டியைப் பச்சையாக்குவார்கள், அதில் வளரும் நுண்ணுயிர்தான் குஞ்சுகளின் முதல் சாப்பாடு.

டீ மாதிரி பழுப்பாக இருக்கிறது, ஆனால் கலங்கலாக இல்லை.

மரக்கட்டை போட்டிருக்கிறீர்களா? அதிலிருந்து டானின் என்ற பழுப்புச் சாறு இறங்குகிறது. கெடுதல் இல்லை. ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் தெருவோரப் பாதாம் மரத்தின் காய்ந்த இலையை இதற்காகவே தேடிப் பொறுக்கி வந்து போடுகிறார்கள். நிறம் பிடிக்கவில்லை என்றால் கட்டையைச் சில நாள் வாளியில் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள், அல்லது ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் வையுங்கள்.

கல் போட்டதும் சேறாகிவிட்டது.

கல்லைக் கழுவவில்லை. வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கையால் கிளறி, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும், 10 தடவைகூட ஆகலாம். ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்றால் ஃபில்டரில் மெல்லிய பஞ்சு வைத்து ஓடவிடுங்கள், ஓரிரு நாளில் போய்விடும். தண்ணீர் ஊற்றும்போது அடியில் ஒரு தட்டு வைத்து அதன் மேல் ஊற்றினால் கல் கிளம்பாது.

மெட்ரோ வாட்டர், போர், லாரி, கேன் தண்ணீர். எதை ஊற்றுவது?

மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். வாயகன்ற வாளியில் பிடித்து ஏர் பம்ப் ஓடவிட்டு 24 மணி நேரம் வைத்தால் போய்விடும், அவசரம் என்றால் கடையில் ஆன்டி குளோரின் என்று கிடைக்கும், லேபிளில் உள்ள அளவைத் தாண்டாதீர்கள். லாரித் தண்ணீரை ஒரு நாள் நிற்கவைத்து, அடியில் படிவதை விட்டுவிட்டு மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள்.

போர் தண்ணீரில் குளோரின் இருக்காது, ஆனால் சுண்ணாம்புச் சத்து அதிகம். நிலத்துக்கு அடியிலிருந்து வரும்போது அதில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியே போனதும் சுண்ணாம்பு வெள்ளையாகப் பிரிந்து நிற்கும். ஊற்றிய சில மணி நேரத்தில் வருகிற வெள்ளை பெரும்பாலும் இதுதான், மூன்றாம் நாள் வருவது பாக்டீரியா. வாளியில் ஒரு நாள் வைத்து ஊற்றினால் சரியாகும். கப்பி, மோலி எல்லாம் கடின நீரில் சந்தோஷமாக வாழும்.

வெறும் ஆர்.ஓ. தண்ணீர், கேன் தண்ணீர் வேண்டாம். சுத்தமானது மீனுக்கு நல்லதுதானே என்று நினைப்போம், ஆனால் அதில் தாது மிகக் குறைவு, அதனால் பி.எச். நிலையாக நிற்காது. போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் இரண்டின் குறையும் சரியாகும்.

கிணற்றுத் தண்ணீருக்குப் படிகாரம் போடுவோமே, தொட்டியில் போடலாமா? தேற்றான் கொட்டை?

பாட்டி காலத்திலிருந்து பார்த்த பழக்கம், கை அதற்குப் போவது இயல்பு. சேற்றுத் தண்ணீரில் மண் துகளைச் சேர்த்து அடியில் இறக்க இரண்டுமே நல்ல வழி. ஆனால் மீன் இருக்கும் தொட்டியில் படிகாரம் வேண்டாம், அது தண்ணீரின் காரத்தன்மையைத் தின்று பி.எச்.-ஐ இறக்கிவிடும், அலுமினியமும் மீனின் செவுளைப் பாதிக்கும். தேற்றான் கொட்டையை வாளித் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் 'க்ளியர்' திரவங்களும் துகளைச் சேர்த்துத் திரட்டும் இதே வேலையைத்தான் செய்கின்றன. தூசிக்கு உதவும். பாக்டீரியாக் கலங்கலுக்கு ஊற்றினால் ஒரு நாள் தெளிந்து மறுபடி வரும், ஏனென்றால் தீனி, கழிவு என்ற காரணம் உள்ளேயே இருக்கிறது.

மீனோடு ஒரு நீல மருந்தும் கொடுத்தார்கள். தினமும் ஊற்றச் சொன்னார்கள்.

அது பெரும்பாலும் மெத்திலீன் ப்ளூ. பூஞ்சைக்கு, முட்டை அழுகாமல் இருக்க நல்ல மருந்து. ஆனால் நோய் இல்லாத தொட்டியில் தினமும் ஊற்றினால் ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் பாதிக்கும். நோய் வந்த மீனைத் தனியாக ஒரு வாளியிலோ சின்னத் தொட்டியிலோ வைத்து வைத்தியம் பாருங்கள்.

'டேங்க் க்ளீனர்' மீன் வாங்கிவிட்டால் தண்ணீர் தெளியுமா?

தெளியாது. அந்தப் பெயரில் விற்கும் சக்கர் மீன் கண்ணாடியில் ஒட்டிய பாசியைச் சுரண்டித் தின்னும், அவ்வளவுதான். தண்ணீரில் மிதப்பதை அது தொடாது, மற்ற மீனின் கழிவையும் தின்னாது. விரல் நீளத்தில் வாங்குவது ஒரு அடிக்கு மேல் வளரும், 2 அடித் தொட்டியில் மற்ற எல்லா மீனும் சேர்ந்து போடுவதைவிட அதிகக் கழிவை அது ஒன்றே போடும். வளர்ந்த பிறகு வைத்துக்கொள்ள முடியவில்லை என்று ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. இந்த மீன் நம் நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகி நாட்டு மீன்களுக்கு இடைஞ்சலாகிவிட்டது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.

உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு கோல்டு ஃபிஷ். தினமும் கலங்குகிறது.

கலங்கத்தான் செய்யும். 5 லிட்டர் தண்ணீர், ஃபில்டர் இல்லை, அதிகமாகக் கழிவு போடும் மீன் இரண்டு. இதற்கு எந்த உத்தியும் இல்லை, பெரிய தொட்டிக்கு மாற்றுவதுதான் வழி. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் 56 லிட்டர் வரும், கல்லும் மேல் இடைவெளியும் போக 45, 50 லிட்டர் நிற்கும். குட்டிக் கோல்டு ஃபிஷ் இரண்டுக்குத் தொடக்கத்தில் அது போதும், வளர வளர இன்னும் பெரிது வேண்டும்.

வாரா வாரம் சரியாக என்ன செய்ய வேண்டும்?

20 முதல் 25 சதவீதத் தண்ணீரைச் சைஃபன் குழாயால் கல்லுக்கு இடையே இருக்கும் அழுக்கோடு உறிஞ்சி எடுங்கள். எடுத்த அந்த அழுக்குத் தண்ணீரிலேயே, வாளியில், ஸ்பாஞ்சை இரண்டு மூன்று தடவை பிழியுங்கள். ஸ்பாஞ்சைப் பிழிவதை மட்டும் வாரா வாரம் செய்ய வேண்டாம், மாதம் ஒரு தடவை, நீரோட்டம் குறைந்தால் செய்தால் போதும். ஸ்பாஞ்ச் பழுப்பாகத்தான் இருக்க வேண்டும், வெள்ளையாக்க முயல வேண்டாம். பிறகு குளோரின் போன தண்ணீரை, தொட்டியின் சூட்டுக்குக் கிட்டத்தட்ட இருக்கிறதா என்று கை வைத்துப் பார்த்து, மெதுவாக ஊற்றுங்கள். மே மாதம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து மதியம் பிடிக்கும் தண்ணீர் கொதிக்கும், அதை அப்படியே ஊற்றிவிடாதீர்கள். எடுத்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள், துளசி செழிப்பாக வரும்.

இரண்டு மாதம் ஆகியும் வெள்ளை போகவில்லையே?

அப்படியென்றால் சத்து எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கிறது. மீன் அதிகமா, ஃபில்டர் சின்னதா என்று பாருங்கள், ஒரு மணி நேரத்துக்குத் தொட்டித் தண்ணீர் நான்கைந்து தடவையாவது ஃபில்டர் வழியாகப் போய் வர வேண்டும். கல் 3 அங்குலத்துக்கு மேல் கனமாக இருந்தால் அடியில் தீனி அழுகிக்கொண்டிருக்கும். வாரத்துக்கு ஒரு பக்கமாக, தொட்டியில் நான்கில் ஒரு பகுதியை மட்டும் ஆழமாக உறிஞ்சி எடுங்கள், மொத்தத்தையும் ஒரே நாளில் கிளறாதீர்கள். அலங்காரப் பொம்மைகளைத் தூக்கி உள்ளே பாருங்கள். ஒரு தடவை ஒரு நண்பர் வீட்டில் கோட்டைப் பொம்மைக்குள் இரண்டு வாரத்துத் தீனி பஞ்சு மாதிரி பூத்துப்போய் இருந்தது. அதை எடுத்த நான்காம் நாள் தண்ணீர் தெளிந்துவிட்டது.